பதினெட்டு அங்குலம்

பாடாங் செராய், சலூனுக்கு மேல்மாடி.
உரிமம் பெற்ற நில அளவையாளர் என்று
என் பெயர் இருந்த பலகையில்
போன வருஷம் மைத்துனன் அமலதாசன்
இரண்டு வரி சேர்த்தான்:
திருப்திக்கு உத்தரவாதம்.
இல்லையேல் முழுப் பணமும் வாபஸ்.
சிவப்பில். என் பெயரைவிடப் பெரிதாக.

மெத்தைக் கடையில் பார்த்தானாம்.
மூன்று மாதம் படுத்துப் பார்,
முதுகு வலித்தால் திருப்பிக் கொடு.
மெத்தைக்குச் சரி.
மெத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது.

போன் ஓயவில்லை, உண்மைதான்.
தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது
லயத்துக்காரர்கள் வாங்கிய மனைகள்,
கிராந்தில் ஓர் அளவு, வேலியில் ஓர் அளவு,
வாய்ப்பேச்சில் மூன்றாவது.
அப்படித்தான் வந்தார் அப்பளசாமி.
செம்பனைக் குலை ஏற்றும் லோரி இரண்டு வைத்திருப்பவர்.
மதில் கட்ட வேண்டும், கல்லைக் காட்டுங்கள் என்றார்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி
ரம்புத்தான் வேரை வெட்டி
முழங்கை ஆழம் தோண்டியதில்
தலையில் பழைய சாயத்தோடு கிடைத்தது கல்.
அவருடைய புதுப் போர்ட்டிக்கோவின் இரண்டு தூணும்
பதினெட்டு அங்குலம்
தவமலர் வீட்டு நிலத்தில் நின்றன.

எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல்
கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு கைப்பேசியை எடுத்து
என் பலகையின் படத்தை என்னிடமே காட்டினார்.
“எனக்குத் திருப்தி இல்லம்மா.”

அவர் பொய் சொல்லவில்லை.
அதுதான் வம்பு.
கல் பொய் என்று சொல்லியிருந்தால்
குலிம் நில அலுவலகத்து வரைபடத்தை விரித்திருப்பேன்.
திருப்தி இல்லை என்பவரிடம்
எதை விரிப்பது?
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. காசோலை எழுதினேன்.

காசு கொடுக்காத தவமலர்
சாயங்காலம் கறிபாப் கொண்டுவந்தாள்,
எண்ணெய் ஊறிய காகிதத்தில் ஆறு.
அவளுக்கு நூற்றுக்கு நூறு திருப்தி.
அமலதாசனின் கணக்கில் அதை எழுத இடமில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. நட்டம், அவ்வளவுதான்.
நான் சொல்ல வந்தது அடுத்த வேலையைப் பற்றி.

கருவியில் கண் வைத்திருக்கிறேன்.
மனைக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்,
குடை பிடிக்கிறார், இளநீர் வெட்டச் சொல்கிறார்,
“திருப்தியா முடிச்சிருவீங்கள்ல மேடம்?”
எந்த அளவிலும் கொஞ்சம் பிழை உண்டு,
சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது.
அரை விரற்கடை. அங்கே போனாலும் சரி, இங்கே போனாலும் சரி.
அது அவர் பக்கம் போனது.
யாரும் தள்ளவில்லை.
குமிழியைப் பார்க்கும் முன்
நான் அவர் முகத்தைப் பார்த்திருந்தேன்.

பதினாறு வருஷத்தில்
அந்த அரை விரற்கடையை யாருக்கும் கொடுத்ததில்லை,
எனக்கு மகளைக் கட்டிக் கொடுத்த சம்பந்திக்குக்கூட.

அவர் சிரித்தார், கை கொடுத்தார், நாலு பேரிடம் சொன்னார்.
திருப்தி அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிடுகிறது.
பிழை நிதானமாக வரும்.
அந்த மனையை இன்னொருவர் வாங்குவார்,
வங்கி ஓர் ஆளை அனுப்பும்,
அப்போது இந்தச் சிரிப்பு எந்தக் கோப்பில் இருக்கும்?

மறுநாள் பில் போடாமல் போய்
மறுபடி அளந்தேன். திரும்ப எடுத்துக்கொண்டேன்.
ஏன் வந்தீர்கள் என்றார். குடை பிடிக்கவில்லை.

அமலதாசன் பலகையைக் கழற்ற விடவில்லை.
“ஊரே இப்ப அப்படித்தான் கேக்குது.”
வெயில் அந்தச் சிவப்பைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.
தின்கிறது, என் பெயரையும் சேர்த்து.

போன வாரம் பாசாரில் தவமலர் சொன்னாள்.
அப்பளசாமி நான் திருப்பிக் கொடுத்த பணத்தோடு
சுங்கைப் பட்டாணியிலிருந்து வேறோர் ஆளைக் கூட்டிவந்தாராம்.
நாள் முழுக்க அளந்துவிட்டு
அந்த ஆளும் அதே ரம்புத்தான் அடியில்
அதே கல்லைக் காட்டினாராம்.
அப்பளசாமி தலையைச் சொறிந்துகொண்டு
இரண்டாயிரம் எண்ணிக் கொடுத்தாராம்,
மறுபேச்சு இல்லாமல்.

அந்த ஆள் பலகையில்
பெயர் மட்டும்தான் இருக்கும்போல.